செல்விக்குக் காமாலை வரவில்லை

சுரேஷ், நீதிமன்றங்களையெல்லாம் கணினியில் இணைக்கும் வேலைக்காக வியாழக்கிழமை நீ தில்லிக்குக் கிளம்புகிறாய். உன் சன்னதை, அதாவது வழக்காடும் உரிமத்தை, நிறுத்திவைக்கச் சொல்லி போன வாரமே பார் கவுன்சிலுக்கு எழுதிக் கொடுத்துவிட்டாய். சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர் வழக்கறிஞராக வாதாடக் கூடாது. விதி எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தத் தாளில் உன் கையெழுத்தைப் பார்த்தபோது எனக்குள் ஏதோ ஒன்று உட்கார்ந்துவிட்டது. சாப்பிடும்போது நீ கேட்டாய், "உனக்கு வருத்தமாம்மா?" ரயிலுக்குப் போர்வை எடுத்துக்கிட்டியாடா என்று நான் கேட்டேன். அது பதில் இல்லை. இது பதில். நீளமாக இருக்கும். நாளை நீ வீட்டுக்கு வரும்போது மேசையில் இருக்கும். நம் அலுவலகத்துக்குத் தொழில் பழகவரும் பிள்ளைகள் யாராவது எடுத்துப் படித்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. இதில் ஒளிக்க வேண்டியவை நிறைய இருக்கின்றன. அதனால்தான் சொல்கிறேன்.

செல்வியின் வழக்கில் நேற்றுத் தீர்ப்பு வந்துவிட்டது. அதைக் கடைசியில் சொல்கிறேன். கோபித்துக்கொள்ளாதே. நான் செய்ததை முதலில் சொன்னால்தான் தீர்ப்புக்கு ஓர் அர்த்தம் இருக்கும்.

தொண்ணூற்றொன்றில் நான் கறுப்புக் கோட்டு போட்டபோது உனக்குப் பத்து வயது. மாலைக் கல்லூரியில் படித்து, உன் பள்ளிக் கட்டணத்தோடு என் கட்டணத்தையும் கட்டி வாங்கிய பட்டம். நீலசந்திராவில் நம் வீட்டு முன்னறையில் ஒரு மேசை, ஒரு டைப்ரைட்டர், கீழ்த்தட்டில் உன் சைக்கிள் பம்பு. அன்றைய நீதிமன்றம் உனக்கு நினைவிருக்காது. மறுநாள் பட்டியலைச் சுவரில் ஒட்டுவார்கள். அதைப் பார்க்க முண்டியடித்த கூட்டத்தில் ஒருமுறை என் கண்ணாடி உடைந்தது. நாலு கார்பன் வைத்துத் தட்டினால் கடைசிப் பிரதி புகை மாதிரி இருக்கும். அதைத்தான் எதிர்த்தரப்புக்குக் கொடுப்போம். அவர்களும் நமக்கு அப்படித்தான் கொடுப்பார்கள். ஒருவர் எழுதியதை மற்றவர் சரியாகப் படிக்க முடியாதபடி வாதாடினோம். யாரும் அதை விசித்திரமாக நினைக்கவில்லை.

அதைவிட விசித்திரம் வாய்தா. வழக்கைக் கூப்பிட்டதும் எழுந்து நின்று "டைம், சார்" என்றால் போதும். தேதி கிடைக்கும். அடுத்த தேதியிலும் அதே இரண்டு சொல். எதிருரை தாக்கல் செய்ய, அதாவது வாதி சொல்வதற்குப் பிரதிவாதியின் பதிலை எழுத்தில் கொடுக்க, ஒன்றரை வருடம் எடுத்துக்கொண்ட வழக்கெல்லாம் என்னிடம் உண்டு. என் டைரியில் ஒரே ஒரு விஷயம்தான் இருக்கும்: அடுத்த தேதி. அதற்கு முதல் நாள் ஃபைலைப் பிரிப்பேன். கட்சிக்காரர் வந்து கேட்டால் தேதியைச் சொல்வேன். அவருக்குத் தன் வழக்கின் எண்கூடத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை. ஒருமுறை, நான் மறந்துபோய் ஆஜராகாத ஒரு நாளைப் பற்றி ஒரு பெரியவரிடம், "ஜட்ஜ் லீவு, பெரியவரே" என்று சொன்னேன். அவர் கும்பிட்டுவிட்டுப் போனார். அவர்களுக்குத் தெரியாது என்பதன் மேல்தான் நாங்கள் சௌகரியமாக உட்கார்ந்திருந்தோம், சுரேஷ். இதை நான் எந்த மேடையிலும் சொன்னதில்லை.

பிறகு இரண்டாயிரத்து இரண்டில் சட்டத்தைத் திருத்தினார்கள். சம்மன் கையில் கிடைத்த நாளிலிருந்து முப்பது நாளுக்குள் எதிருரை. காரணம் சொன்னால் தொண்ணூறு வரை. அதற்கு மேல் கிடையாது. வக்கீல்கள் ஊர்வலம் போனார்கள். நானும் போனேன். பதாகை பிடித்தேன். இதெல்லாம் நடக்கிற காரியமா என்று எல்லோரும் சிரித்தோம். அடுத்த வருடம் நீ சன்னது வாங்கி என் அலுவலகத்துக்கு வந்தாய். வந்த முதல் மாதமே டைப்ரைட்டர் இருந்த இடத்தில் ஒரு கணினியை வைத்தாய். என் பழைய ஃபைல்களையெல்லாம் ஒவ்வொன்றாக அதற்குள் தட்டி ஏற்றினாய். உனக்கு வேறு வேலை இல்லையா என்று நான் கேட்டேன். "இதான்மா வேலை" என்றாய். நான் நம்பவில்லை.

இரண்டாயிரத்து நாலு பிப்ரவரியில் செல்வி வந்தாள். ஈஜிபுராவில் இரண்டு அறை வீடு. முன்னறையில் இஸ்திரிக் கடை. கணவன் செத்த பிறகு அந்த இஸ்திரிப் பெட்டியின் சூட்டில்தான் இரண்டு பெண்களைப் படிக்க வைத்தாள். அவளுக்கு மனையை விற்றவர் இறந்துபோனார். அவருடைய மகன் அதே மனையை இன்னொருவருக்கும் விற்றுவிட்டான். வாங்கியவர் பக்கத்துத் தெருக்காரர். காலி செய்யச் சொல்லி வழக்கு போட்டார். செல்வி சம்மனை ஒரு பாலிதீன் உறைக்குள் வைத்து, அதை ஒரு துண்டில் சுற்றிக் கொண்டுவந்தாள். கூடவே பத்திரம், வரி ரசீது, மின்சாரக் கட்டண அட்டை எல்லாம். எதிருரைக்கு வேண்டிய எல்லாமே முதல் நாளே என் மேசைமேல் இருந்தன. இதை மறக்காதே. அவள் எதையும் தாமதிக்கவில்லை.

மார்ச்சில் வக்காலத்து போட்டு டைம் கேட்டேன். ஏப்ரலில் மறுபடியும் கேட்டேன். நீதிபதி ஜூன் நடுவில் ஒரு தேதி கொடுத்தார். மே மாதம் கோடை விடுமுறை. நான் டைரியில் ஜூன் தேதியை எழுதிக்கொண்டு ஃபைலைக் கட்டி வைத்துவிட்டேன். நீ வாரத்துக்கு ஒரு தாள் அச்சடித்து என் மேசைமேல் வைப்பாய். வழக்கு எண், கட்சிக்காரர் பெயர், கடைசியில் 'நாள்' என்று ஒரு கட்டம். சம்மன் கிடைத்து எத்தனை நாள் ஆயிற்று என்ற எண்ணிக்கை அது. நல்ல தடித்த தாள். என் டிபன் டப்பாவுக்கு அடியில் போட வசதியாக இருந்தது.

தொண்ணூறாவது நாள் விடுமுறைக்குள் விழுந்தது. அப்படி விழுந்தால் கோர்ட் திறக்கும் முதல் நாளில் தாக்கல் செய்யலாம். சட்டம் அந்த அளவுக்கு இடம் கொடுக்கிறது. திறந்த திங்கட்கிழமை காலையில் நீ செல்வியின் ஃபைலைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாய்.

"அம்மா, செல்வியக்கா டபிள்யூஎஸ் இன்னைக்குப் போட்டே ஆகணும்." எதிருரையை நாம் டபிள்யூஎஸ் என்போம்.

"ஹியரிங் இன்னும் ரெண்டு வாரம் இருக்குடா."

"ஹியரிங்குக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லம்மா. இன்னையோட முடியுது."

"கோர்ட்டே கொடுத்த தேதி அது. உன் கம்ப்யூட்டர் பொட்டி கோர்ட்டைவிடப் பெரிசாடா?"

நீ ஃபைலை மேசையில் வைத்துவிட்டுப் போனாய். நான் அதன்மேல் என் கைப்பையை வைத்தேன். அன்று எதிருரையின் வரைவுகூட என்னிடம் முழுமையாக இல்லை. இருந்திருந்தால் போட்டிருப்பேனோ என்னவோ. தெரியவில்லை. மகன் சொல்லி ஒரு காரியத்தைச் செய்வது எனக்குப் பழக்கமில்லாமல் இருந்தது. அவ்வளவுதான். பதிமூன்று வருட அனுபவம் என்று நான் எதை நினைத்துக்கொண்டிருந்தேனோ அதில் பாதி வெறும் பழக்கம்.

ஜூனில் எதிருரையோடு எழுந்து நின்றேன். நீதிபதி ஃபைலைப் புரட்டினார். "எஷ்டு தின ஆய்த்து, மேடம்?" என்று கன்னடத்தில் கேட்டார். எத்தனை நாள் ஆயிற்று. எனக்கு எண்ணிக்கை தெரியவில்லை. எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து மிக மரியாதையாகச் சொன்னார், நாலு மாதம். எதிருரை ஏற்கப்படவில்லை. வாதியின் சாட்சியத்துக்குத் தேதி. முழுவதும் இரண்டு நிமிடம். செல்வி கதவோரம் நின்றிருந்தாள். நடந்தது ஆங்கிலத்திலும் கன்னடத்திலும். பாதி புரிந்திருக்கும். பதில் இல்லாத பிரதிவாதி. வாதி சொல்வதே மிஞ்சும். வீடு போகும். வெளியே வந்து அவள் கேட்டபோது நான் சொன்னேன், "கொஞ்சம் லேட்டாயிடுச்சு செல்வி. ஒரு மனு போட்டா சரியாயிடும்." யார் லேட் என்று சொல்லவில்லை. பெரியவரிடம் சொன்ன அதே குரல். எனக்கே கேட்டது.

அந்த மனு எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியும். எங்கள் தொழிலில் இதற்கென்றே ஒரு நோய் உண்டு. மஞ்சள் காமாலை. பல வாரம் படுக்கவைக்கும். நாட்டு மருந்துதான் சாப்பிட்டார் என்று எழுதினால் யாரும் மருத்துவச் சான்று கேட்க மாட்டார்கள். வக்கீல் தூங்கினால் கட்சிக்காரருக்குக் காமாலை வரும். நான் சொல்லச் சொல்ல நீ தட்டினாய். 'மேற்படி பிரதிவாதி கடுமையான மஞ்சள் காமாலையால்' என்ற இடத்தில் உன் விரல் நின்றது. எதிர் நாற்காலியில் செல்வி, கையெழுத்துப் போட வந்து உட்கார்ந்திருந்தாள்.

"இன்னா வக்கீலம்மா, எனக்கு எங்க காமாலை வந்துச்சு? தெனமும் பொட்டி தேச்சிக்கினுதான இருந்தேன்."

"அது சும்மா ஒரு பேச்சுக்கு, செல்வி. எல்லாரும் எழுதறதுதான்."

"எழுதிக்கோங்க, வேணாங்கல. ஆனா அவரு வூட்டுத் துணியே என்கிட்டதான வருது. கேஸ் போட்டப்புறமும் வருது. அவரு கேக்கற மாதிரி கஞ்சி போட்டு காலர் மடிக்க ஈஜிபுரால வேற ஆள் இல்ல. படுத்த படுக்கையா கெடந்தவ என் சட்டைய எப்படித் தேச்சான்னு கேக்க மாட்டாரா?"

நீ சிரித்துவிட்டாய். "சாட்சியே வேணாம்மா. சட்டையே போதும்."

"இருடா" என்றேன். "வேற ஏதாவது போடலாம்."

நீ எதையோ தட்டினாய். திரையில் ஒரு பட்டியல் இறங்கியது. என் பழைய மனுக்கள். நீ ஒவ்வொன்றாக ஏற்றியவை. காமாலை என்ற சொல் இருந்தவை மட்டும்.

"ஒம்பது பேரும்மா. இதுல ஒருத்தருக்கு ரெண்டு தடவை."

"அவருக்கு உண்மையாவே வந்துச்சுடா."

"ரெண்டு தடவையுமா?"

செல்வி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காகிதமாக இருந்தவரை அவை ஒன்பது ஃபைல்களில் ஒன்பது தனித்தனிப் பொய்கள். ஒன்றுக்கு மற்றொன்றைத் தெரியாது. உன் இயந்திரம் அவற்றை ஒரே வரிசையில் நிற்க வைத்தது. தொழில்நுட்பம் என்று எல்லோரும் வேகத்தைச் சொல்கிறார்கள். எனக்கு அன்று தெரிந்தது வேறு. அது மறப்பதில்லை. நாங்கள் மறதியின்மேல் தொழில் நடத்தினோம்.

நான் செல்வியிடம் சொன்னேன். தப்பு என்னுடையது. இவன் சொன்னான், நான் கேட்கவில்லை. உன் வீட்டை நான்தான் இந்த நிலைமைக்குக் கொண்டுவந்தேன். வேறு வக்கீலிடம் போவதானால் இப்போதே ஃபைலைத் தருகிறேன். என்மேல் புகார் கொடுக்கவும் உனக்கு உரிமை உண்டு. அவள், "அத அப்படியே எழுதிட்டா உங்களுக்கு ஒண்ணும் ஆவாதே?" என்றாள். வீடு அவளுடையது. கேள்வி என்னைப் பற்றியது. நீ ஒரு வெற்றுப் பக்கத்தைத் திறந்து என் பெயரைத் தட்டினாய். என்னிடம் அனுமதி கேட்கவில்லை. அதற்காக உன்னை இன்றுவரை நான் பாராட்டியதில்லை. இப்போது பாராட்டுகிறேன்.

அந்தப் பிரமாணப் பத்திரம் ஒன்றரைப் பக்கம். கட்சிக்காரர் எல்லாத் தாள்களையும் முதல் நாளே கொடுத்தார். தாமதம் முழுவதும் என்னுடையது. என் இளைய வழக்கறிஞர் எச்சரித்தும் நான் பொருட்படுத்தவில்லை. என் தவற்றுக்காக இவர் வீட்டை இழக்கக் கூடாது. நான் சொன்னதை நீ இரண்டு முறை வெட்டிச் சுருக்கினாய். "அழுவாத மாதிரி இருக்கணும்மா" என்றாய். பிறகு உன்னிடம் இருந்த குறுந்தகட்டைப் போட்டு, வக்கீலின் தவற்றுக்குக் கட்சிக்காரரைத் தண்டிக்கக் கூடாது என்ற தீர்ப்புகளைத் தேடினாய். நான் வக்கீல் சங்க நூலகத்தில் மூன்று நாள் தூசி தின்றிருப்பேன். நான் காபி போட்டுக்கொண்டு வருவதற்குள் நீ முடித்துவிட்டாய். அவற்றில் இரண்டு, நான் வாழ்நாளில் கேள்விப்படாதவை. ஆனால் ஒன்றும் நிச்சயமில்லை. தொண்ணூறு என்றால் தொண்ணூறுதானா என்பதை உச்ச நீதிமன்றம் அப்போது தெளிவாக்கியிருக்கவில்லை. விதிவிலக்கான நிலையில் தளர்த்தலாம் என்று அது சொன்னது மறுவருடம்தான். நாம் போனபோது கதவு மூடியே இருந்தது. தட்டிப் பார்க்கப் போனோம்.

எதிர்த்தரப்பு வக்கீல் தன் பிரதியை நீதிமன்ற வராந்தாவில் நின்று படித்தார். லேசரில் அச்சடித்த, கறுப்பாகத் தெளிந்த பிரதி. அவர் முகம் மாறியது. என் பக்கம் வந்து தணிந்த குரலில், "ஜாண்டீஸ் அந்த ஹாக்பிடபஹுதித்தல்ல, மேடம்" என்றார். மஞ்சள் காமாலை என்று போட்டிருக்கலாமே. உண்மையான அக்கறை அது. தொழிலில் ஒருவர் இன்னொருவருக்குக் காட்டும் அக்கறை. உள்ளே நீதிபதி இரண்டு முறை படித்தார். பிறகு செல்வியைக் கூண்டருகே கூப்பிட்டார். அவள் உடல்நிலை பற்றி எதுவும் கேட்கவில்லை. "ஈ லாயரே நிமகெ இர்லா?" இதே வக்கீல் உங்களுக்கு இருக்கட்டுமா. செல்வி அரைக் கன்னடத்தில், இருக்கட்டும் சார், இனிமே மறக்க மாட்டாங்க என்றாள். கோர்ட்டில் எல்லோரும் சிரித்தார்கள். உத்தரவு: எதிருரை ஏற்கப்படுகிறது. செலவை வழக்கறிஞர் தன் கையிலிருந்து கட்ட வேண்டும். வெளியே வந்தபோது நீ என் கவுனைப் பிடித்துக்கொண்டாய். அவமானம் என்று நான் பயந்த ஒன்று, கடந்தபின் வெறும் களைப்பாக இருந்தது.

அதற்குப் பிறகு நான் யாருக்கும் நோய் கொடுக்கவில்லை.

அதே வழக்கில்தான் இந்த விதிமேல் எனக்கு ஒரு சந்தேகமும் பிறந்தது. உனக்குச் சொல்லாமல் அனுப்பக் கூடாது. தொண்ணூறு நாள் விதி சோம்பேறியை அடிக்க வந்தது. நான்தான் சோம்பேறி. அடி செல்வியின்மேல் விழப் பார்த்தது. உன் பொட்டி நாளைச் சரியாக எண்ணியது. யாரிடம் சொல்வது என்று மட்டும் அதற்குத் தெரியவில்லை. என்னிடம் சொன்னது. நான் அதன்மேல் டிபன் வைத்தேன். அந்த எண்ணிக்கை செல்வியின் கண்ணில் பட்டிருந்தால், திறந்த திங்கட்கிழமை விடிந்ததும் அவள் என் வாசலில் உட்கார்ந்திருப்பாள். நான் எழுந்து போட்டிருப்பேன். ஆகவே தில்லியில் நீ கட்டப்போகும் அந்தப் பெரிய அமைப்பில், வக்கீல் பெயரைத் தட்டினால் தேதி வருவது போதாது. கட்சிக்காரர் தன் பெயரைத் தட்டினாலும் வர வேண்டும். கன்னடத்திலும் தமிழிலும் வர வேண்டும். வழக்கு எண் தெரியாதவருக்கும் வர வேண்டும். சங்கத்தில் சிலர் இதை எதிர்ப்பார்கள். ஏன் எதிர்ப்பார்கள் என்று மேலே எழுதியிருக்கிறேன்.

சன்னதை விட்டுவிட்டுப் போகிறாய் என்பது என் வருத்தமாக இருந்தது. எழுத எழுத அது சிறிதாகிவிட்டது. கறுப்புக் கோட்டு போட்டு நான் நூறு பேருக்கு வாதாடியிருப்பேன். நூறு பேருக்குத் தெரியாமலும் வைத்திருந்தேன். நீ கோட்டைக் கழற்றிவிட்டு, தெரியாமல் வைத்திருப்பதற்கு இடமில்லாமல் செய்யப் போகிறாய். அதுவும் வாதாடுவதுதான். என்னைவிட நன்றாக.

இனி தீர்ப்பு. நேற்று மதியம் வாசித்தார்கள். வாதியின் வழக்கு தள்ளுபடி. வீடு செல்வியுடையது. நீதிபதி சார்ந்து நின்றது நம் எதிருரையின் நாலாவது பத்தியை; வரி ரசீதுகளைத் தேதிவாரியாக நீ அடுக்கிய பத்தி. அது அன்று உள்ளே வராமல் போயிருந்தால் நேற்று அவருக்குச் சொல்ல ஒன்றுமே இருந்திருக்காது. சாயங்காலம் நானே ஈஜிபுராவுக்குப் போனேன். உனக்குப் போன் செய்யவில்லை. முதலில் அவளுக்குத் தெரிய வேண்டும் என்று தோன்றியது. செல்வி பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். அழவில்லை. கூரையைப் பார்த்தாள்.

"அப்ப மேல ஒரு ரூமு போட்டுக்கலாமா, வக்கீலம்மா? பெரியவளுக்குக் கல்யாணம் வருது."

போட்டுக்கோ என்ற சொல் வாய் வரை வந்துவிட்டது. பழைய நானாக இருந்தால் சொல்லியிருப்பேன். "பொறு செல்வி" என்றேன். "அவங்க ஐகோர்ட்டுக்கு அப்பீல் போகலாம். அதுக்குத் தொண்ணூறு நாள் இருக்கு. தீர்ப்பு நகல் வாங்கற நாளெல்லாம் தனி."

"எந்தத் தேதிக்கு முடியும்?"

அவள் சுவர்க் காலண்டரைக் கழற்றி என் மடியில் போட்டாள். இரண்டு பேரும் விரல் வைத்து ஒவ்வொரு நாளாக எண்ணினோம். நகல் நாட்களுக்கென்று கொஞ்சம் சேர்த்துக்கொண்டோம். ஒரு தேதியில் அவள் பென்சிலால் வட்டம் போட்டாள். அதற்கு மறுநாள் காலை ஐகோர்ட்டில் அப்பீல் பதிவாகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு நானே நேரில் வந்து சொல்வதாக ஒப்புக்கொண்டேன். இல்லை என்றால் மேஸ்திரியைக் கூப்பிடலாம். நீ அப்போது தில்லியில் இருப்பாய். போன் செய்து எனக்கு ஞாபகப்படுத்தாதே, சுரேஷ். நான் மறந்தாலும் செல்வி விடமாட்டாள். அந்தத் தேதி இப்போது அவள் வீட்டுச் சுவரில் இருக்கிறது.

அம்மா